ஐயப்பன்தாங்கலில் ஒரு கடல் குதிரை

ஐயப்பன்தாங்கலில் கடல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவில் ஒரு கடல் குதிரை கரையொதுங்கிய கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊர்ப் பெயரில் மட்டும் தண்ணீர் உண்டு. ஏரி என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லாத நீர்நிலையை இந்தப் பக்கத்தில் தாங்கல் என்பார்கள். பழவந்தாங்கல், வேடந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் ஒரே வகையறா. வேடந்தாங்கலுக்கு வருடாவருடம் பறவைகள் வருகின்றன. எங்களுக்கு பஸ் டெப்போ வந்தது. அப்பா இங்கே ஒரு கிரவுண்டு மனை வாங்கி வீடு கட்டிய காலத்தில், கடல் பார்க்க ஆசைப்பட்டால் பூந்தமல்லியிலிருந்து அண்ணா சதுக்கம் போகும் 25ஜி-யில் தொற்றிக்கொள்ள வேண்டும். போரூர், வடபழனி என்று எல்லா நெரிசலையும் தரிசித்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் கடல் மீதிருந்த ஆசை பாதி வடிந்திருக்கும்.

இப்போது மெயின் ரோட்டில் மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. பூந்தமல்லி பைபாசில் தொடங்கும் அந்தத் தடம் 26 கிலோமீட்டர் ஓடி மெரினா கலங்கரை விளக்கத்தில் முடிகிறது. தடம் முழுவதும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டால், ஏறி உட்கார்ந்தால் போதும், கடைசி நிறுத்தம் கடல். நான் கடல் பிராணிகளைத் தேடி அலைந்த வயதில் யாரும் இப்படித் தூண் நட்டுத் தரவில்லை. ஒரு புழுவைப் பார்க்க ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பயணம் போனோம்.

1984 பிப்ரவரி. பி.எஸ்ஸி. விலங்கியல், மூன்றாம் ஆண்டு. இருபத்திரண்டு மாணவர்கள், இரண்டு பேராசிரியர்கள், ஒரு அட்டெண்டர், நான்கு தகர டிரங்குப் பெட்டிகள். எழும்பூரில் மீட்டர்கேஜ் ரயிலில் ஏறினோம். அப்போது பாம்பனுக்குச் சாலை கிடையாது. சாலைப் பாலம் 1988-இல்தான் திறந்தார்கள். 1914-இல் கட்டிய ரயில் பாலம் ஒன்றுதான் வழி. அதன் மேல் ரயில், தூங்குகிற குழந்தையைத் தாண்டுகிற மாதிரி அடி அடியாகப் போகும். கீழே கடல் தண்டவாளத்தின் இடுக்குகளில் தெரியும். பாம்பனில் இறங்கி, வல்லம் பிடித்து, குருசடைத் தீவு.

இன்றைய பிள்ளைகளுக்குக் குருசடை என்றால் என்னவென்று தெரியாது. அந்தக் கால விலங்கியல்காரனுக்கு அதுதான் காசி. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த கிரேவ்லி, அந்தத் துக்கடா தீவின் கரையோர உயிர்களைப் பற்றி மட்டும் 1927-இல் ஒரு தனி வெளியீடே கொண்டுவந்தார். 'உயிரியலாளர்களின் சொர்க்கம்' என்று எங்கள் பாடத்தில் போட்டிருந்தது. சொர்க்கத்துக்குப் போக யாராவது உயிரை விட வேண்டும் அல்லவா? அந்த வேலையை நாங்கள் கடல் பிராணிகளிடம் ஒப்படைத்திருந்தோம். டிரங்குப் பெட்டிகளில் இருந்தது பார்மலின்.

பௌர்ணமி கழிந்த நேரம். மன்னார் வளைகுடாவில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை தட்டையாக இருப்பதால் நீர் வற்றினால் வெகுதூரம் தரை தெரியும். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினோம். கல்லைப் புரட்டினால் அடியில் ஒரு குடும்பம். நொறுங்கு நட்சத்திரம் என்று ஒன்று. கையில் எடுத்ததும் கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு, 'இந்தா வைத்துக்கொள்' என்பது போல நடுப்பகுதியோடு நிற்கும். கடல் முயலைத் தொட்டால் ஊதா மை. கடல் அட்டையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், தன் குடலையே வெளியே கக்கிவிட்டுத் தப்பப் பார்க்கும்; பிழைத்தால் குடல் பிறகு வளர்ந்துகொள்ளும். எங்களிடம் பிடிபட்டதற்கு அந்த 'பிறகு' கிடையாது.

கடல் சாமந்திக்கு மட்டும் தனி மரியாதை. நேரே பார்மலினில் போட்டால் சுருங்கிவிடும். பரீட்சைக்கு வைக்கிற ஸ்பெசிமன் மலர்ந்து இருக்க வேண்டும். அதனால் கடல்நீர்த் தொட்டியில் விட்டு, மேலே மென்தால் துகள்களைத் தூவி, அது மயங்கி விரிந்திருக்கும்போதே கொல்ல வேண்டும். 'அவசரப்படாதீங்கப்பா, அது நிம்மதியா இருக்கணும்' என்று பேராசிரியர் குரலைத் தணித்துச் சொல்வார். எங்கள் வகுப்பில் யாரையும் அவர் அவ்வளவு பரிவாகப் பார்த்ததில்லை.

எல்லாம் கிடைத்தது, வந்த வேலை மட்டும் ஆகவில்லை. வந்த வேலை பலனோகிளாஸஸ் வகைப் புழு. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் பாலம் போல நிற்பது, நமக்குப் பாதி உறவு என்று பாடத்தில் படித்திருந்தோம். குருசடைக்கே அதனால்தான் பெயர். இரண்டு மணி நேரம் மண்வெட்டியால் தீவின் ஓரத்தைக் கொத்தினோம். வந்ததெல்லாம் துண்டு துண்டாக.

கொஞ்சம் தள்ளி இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விரல்களில் துணி சுற்றியிருந்தார்கள், பாறை கிழித்துவிடும். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று கடலுக்கு அடியில் ஒரு காய்கறிச் சந்தையே அவர்களுக்குத் தெரியும். அதில் ஒருவர் கோணியைத் தோளில் போட்டபடி எங்களைக் கடந்து போனார். நின்று பார்த்தார்.

"என்ன தம்பி தேடுறீக?"

"புழுக்கா. மண்ணுக்குள்ள இருக்கும். மஞ்சளா, நீளமா."

கால் கட்டைவிரலால் மணலைக் காட்டினார். அங்கே ஈர மணலில், அச்சில் பிழிந்த முறுக்கு மாதிரி ஒரு சின்னச் சுருள். காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்துகொண்டிருந்தோம்.

"இந்தா முறுக்குப் புழிஞ்ச மாதிரி கெடக்குல்ல, இதுக்குக் கீழ தோண்டுங்க. நடுவுல கொத்துனா அந்துபோகும். ஓரமா கையால தோண்டுங்க."

தோண்டினேன். முழுசாக வந்தது. முன்னால் ஒரு மூக்கு, கழுத்துப் பட்டை, அப்புறம் நீளமான உடல். கையெல்லாம் ஆஸ்பத்திரி நாற்றம், அயோடோபார்ம் வாசனை. அந்தப் புழுவுக்கே உரியது, நாலு தடவை சோப்புப் போட்டாலும் போகாது. பேராசிரியர் ஓடிவந்து, லத்தீனில் அதன் பெயரைச் சொல்லி, என் முதுகில் தட்டினார்.

அந்த அக்கா பாட்டிலையும் அதற்குள் ஊற்றியதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாராயமா தம்பி அது?"

"இல்லக்கா, மருந்து. கெட்டுப்போகாம இருக்கறதுக்கு."

"வச்சு என்ன செய்வீக?"

"படிப்போம்."

"செத்ததையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நாங்களும் சிரித்தோம். படிக்காத ஜனம் என்று ஒருவன் சொன்னான். அவன்தான் பிறகு எங்கள் செட்டில் முதலில் டாக்டர் பட்டம் வாங்கியவன்.

அன்று மாலை லேபிள் எழுதினோம். கெட்டி அட்டையில், இந்தியன் இங்க்கில், பாட்டிலுக்கு உள்ளேயே போடுவது: டைக்கோடெரா ஃபிளேவா. குருசடைத் தீவு. 18.2.1984. சேகரித்தவர்: எல்லா லேபிளிலும் கடைசியாக நிரப்ப விட்டிருந்த அந்த இடத்துக்கு வந்தபோது இங்க் தீர்ந்துவிட்டது. என் பெயரை பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக்கொண்டேன்.

திரும்புகிற ரயிலில் மானாமதுரையில் ஏறிய பெரியவர் என் மடியில் இருந்த பாட்டிலைப் பார்த்து, "மாவடுவா?" என்று கேட்டார். கடல் அட்டை. இல்லை என்று தலையாட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கல்லூரிக்குப் போக மிஞ்சிய ஏழு பாட்டில்கள் ஐயப்பன்தாங்கலுக்கு வந்து சேர்ந்தன. அம்மா அவற்றைப் பூஜை அறைக்கு இந்தப் பக்கம் விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே அலமாரி. நான் விலங்கியல் வாத்தியாராகி, வருடாவருடம் ஜூன் மாதம் அந்த ஏழையும் பையில் போட்டுக்கொண்டு போய் வகுப்பில் காட்டினேன். பார்மலின் ஒன்றையும் அழுக விடாது. ஆனால் நிறத்தை வைக்காது. பத்து வருடத்தில் கடல் சாமந்தி, அட்டை, பேய்க்கணவாய், புழு எல்லாமே அவித்த முட்டைக்கோஸ் நிறத்துக்கு வந்துவிட்டன. 'சார், இது உயிரோட இருக்கும்போது எப்படி இருக்கும்?' என்று ஒரு பையன் கேட்டான். புத்தகத்தில் படம் பார் என்றேன்.

இதற்கிடையில் நாடு திருந்திக்கொண்டிருந்தது. 1986-இல் குருசடையோடு சேர்த்து 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் கடல் அட்டையையும் கடல் குதிரையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. செய்தியைப் படித்தபோது காபி ஆறிப்போனது. என் மாடிப்படிக்குக் கீழே, சட்டத்தின் கண்ணுக்கு, இரண்டு புலிகள் படுத்திருந்தன.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி போரூர் ஏரிப் பக்கமிருந்து தண்ணீர் வந்தது. வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல். ரேஷன் கார்டு, மகளின் சர்டிபிகேட், அம்மாவின் படம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினோம். பாட்டில்களை யார் நினைத்தார்கள்? விடிந்து பார்த்தால் அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. ஒரே ஒரு பாட்டில், அந்தப் புழு இருந்தது, மூலையில் சிக்கிக்கொண்டு நின்றது. மற்ற ஆறும் வாசல் வழியாகக் கிளம்பிவிட்டன. முப்பத்தொரு வருடம் கழித்து என் கடல் குதிரை நீந்தப் போயிருந்தது.

நான்காவது வீட்டு கேட்டில் அது கரையொதுங்கியது. மூடிய கண்ணாடி பாட்டில், உள்ளே வெளுத்துச் சுருண்ட ஒரு ஜந்து, புரியாத எழுத்தில் ஒரு சீட்டு. அந்த வீட்டுக்காரருக்கு மூன்று மாதமாக வியாபாரம் சரியில்லை. வேறென்ன வேண்டும்? செய்வினை என்று தீர்மானித்துவிட்டார்கள். தெருவே கூடியது. கல்லூரி போகும் பையன் ஒருவன் சீட்டை எழுத்துக்கூட்டி, "ஹிப்போ... கேம்பஸ்... குடா" என்று உரக்கப் படித்தான். "வாய்விட்டுப் படிக்காதேடா!" என்று பூசாரி கையைத் தூக்கினார்.

நான் கூட்டத்தில் நின்றேன். அது என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: பால்பாயிண்ட் மை பார்மலினில் கரைந்து, 'சேகரித்தவர்' என்பதற்கு அப்புறம் வெறும் வெள்ளை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயர் விட்டுப்போனதற்காகச் சந்தோஷப்பட்டேன். எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நான் கொன்ற எத்தனையோ பிராணிகளில் முறைப்படி காரியம் நடந்தது அந்த ஒன்றுக்குத்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டுக்காரருக்கு வியாபாரமும் பிறகு பிக்கப் ஆனது.

இனி இந்தக் காலம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு, பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன் ஒதுங்குகிறது என்று செய்தி வந்தது. பத்து வயதுப் பேத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள். மகள் கால்டாக்ஸி பிடித்துக் கொடுத்தாள்; எண்பத்து நாலில் ரயில், வல்லம் எல்லாம் சேர்த்து ஆன செலவைவிட அது அதிகம். ஈர மணலில் பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். விரல் நீளம்கூட இல்லை. வெள்ளி ஓரம் வைத்த நீலம், இரண்டு பக்கமும் விரல் விரலாக விரிந்த இறக்கைகள். ஓடில்லாத கடல் நத்தை. வயிற்றில் காற்றை விழுங்கிக்கொண்டு மல்லாந்து மிதக்கும். மேலே தெரியும் நீலம் அதன் அடிவயிறு. போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்கிற கொடிய சொறியைத் தின்று, அதன் விஷக் கொடுக்குகளைச் செரிக்காமல் தன் விரல் நுனிகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் பேத்தி. நாற்பது வருடப் பழக்கத்தில் என் கை தானாக நீண்டது.

"தாத்தா, தொடாதீங்க! கொட்டும். அதோட, தொடவே கூடாது. பாக்கறதோட சரி."

சரி என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நல்ல தலைமுறை! பாட்டில் இல்லை, பார்மலின் இல்லை. போனை எடுத்தாள். மேலிருந்து ஒரு படம். பக்கத்திலிருந்து ஒன்று. அளவு தெரிய ஐந்து ரூபாய்க் காசு வைத்து ஒன்று. வெளிச்சம் போதவில்லை என்று இன்னொன்று. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினாள். நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருந்தது. கிளாகஸ் என்று பெயர் வந்ததும் குதித்தாள். இடம், தேதி, நேரம், பதிந்தவர் எல்லாம் தானாகவே விழுந்தன. பதினொரு படம். அதுவரை நீல டிராகன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அலை ஐந்தடி தள்ளி வந்து வந்து திரும்பியது.

ஊரூர் குப்பத்துக்காரர் போல ஒருவர் வலையோடு அந்தப் பக்கம் வந்தார்.

"கைய வெக்காத சார், அரிக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கொட்டாங்கச்சியால் மணலோடு அள்ளி அலையில் வீசினார்.

"இதுக்கு உங்க பக்கத்துல என்ன பேருங்க?"

"பேரு இன்னா சார் பேரு. கொட்னா தெரிஞ்சிக்கும்."

அது பிழைத்ததா என்று தெரியாது. படம் நன்றாக வந்திருந்தது.

மிஞ்சிய ஒரு பாட்டிலையாவது நல்ல இடத்தில் சேர்த்துவிடலாம் என்று போன வருடம் ஒரு கல்லூரிக்கு எடுத்துப் போனேன். நுழைந்ததும் தெரிந்தது, விலங்கியல் துறை உயிர்த் தொழில்நுட்பத் துறையாகியிருந்தது. மாணவர்கள் உயிரினங்களை அறுத்துப் படிப்பதை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-இலேயே சொல்லிவிட்டது, நல்லதுதான். பழைய ஸ்பெசிமன் அறையில் சர்வர் வைத்திருந்தார்கள். அலுவலக உதவியாளர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு பில் இருக்கா சார்?" என்றார். இல்லை என்றேன். பில் இல்லாமல் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்ற முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை யாரிடமிருந்தும் விலை கொடுத்து வாங்கவில்லை.

புழுவைப் பற்றிய பாடமும் மாறிவிட்டது. மரபணு பார்த்துச் சொல்கிறார்கள்: அது நமக்குப் பாதி உறவு இல்லையாம், நட்சத்திர மீனுக்கும் கடல் அட்டைக்கும்தான் நெருங்கிய பங்காளியாம். முப்பது வருடம் வகுப்பில் நான் சொன்ன உறவுமுறை தப்பு. அந்த லேபிளில் இன்னும் செல்லுபடியாகிறது இடமும் தேதியும்தான்.

குருசடைத் தீவுக்கு இப்போது வனத்துறைப் படகில் கட்டணம் கட்டிப் போய் வரலாம். பாம்பனுக்கு 2025-இல் புதுப் பாலமே திறந்துவிட்டார்கள். பாசி எடுக்கும் பெண்களுக்குத்தான் பாதை குறுகிப்போனது. தலைமுறை தலைமுறையாக இறங்கிய கரையில், பூங்கா வந்த பிறகு, அவர்கள் அத்துமீறி நுழைகிறவர்கள். பார்மலினோடு போன நாங்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் இத்தனை நாள்தான் இறங்குவது, பாசி மறுபடி வளர இடைவெளி விடுவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டு, உரிமைக்கும் போராடினார்கள். குருசடைக்கு எதிர்க்கரையில் இருக்கும் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்பவருக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான ஸீகாலஜி விருதும் பத்தாயிரம் டாலரும் கிடைத்தன. அதுவும் 2015-இல்தான், என் பாட்டில்கள் தெருவில் மிதந்த அதே வருடம். பேப்பரில் அவர் படத்தை வெகுநேரம் பார்த்தேன். நான் பார்த்த அக்காவுக்கு அப்போதே முப்பதுக்கு மேல் இருக்கும், இவர் இல்லை. எனக்கு அந்த முகமும் ஞாபகமில்லை. கால் கட்டைவிரல் ஞாபகம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைத் திறந்து பார்மலினை மாற்றினேன். இதற்கும் மற்றதைப் போலத்தான் ஆகியிருந்தது: இந்தியன் இங்க் அப்படியே, பால்பாயிண்ட் போன இடம் தெரியவில்லை. பேத்தி பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கலெக்டர் நேம் இல்லையே தாத்தா. உங்க பேர எழுதுங்க."

இந்தியன் இங்க் இப்போது எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தேடி, போரூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வாங்கி வந்தேன். நிப்புப் பேனாவால் நிதானமாக எழுதினேன். பழைய வரியை அடித்துவிட்டு, கீழே:

காட்டியவர்: பாசி எடுக்கும் ஒரு பெண், பாம்பன். பெயர் கேட்கவில்லை.